வரவு செலவுத் திட்டத்துக்கு முதலில் எதைக் கேட்பது? மலையகத்துக்கான ஒரு வரிக் கணக்கு

இலங்கையில் வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலத்தில் நிதியமைச்சு பொதுமக்களிடமும் அமைப்புகளிடமும் யோசனை கேட்பது வழக்கம். வரி என்று பேச்செடுத்தால் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் இரண்டு கோரிக்கைகள்தான் உடனே எழும். மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரி விலக்கு எல்லையை உயர்த்தச் சொல்வார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் சாமான்களுக்கான வற் வரியை, அதாவது பெறுமதி சேர் வரியை, எடுக்கச் சொல்வார்கள். இரண்டும் உண்மையான கஷ்டத்திலிருந்து வரும் குரல்கள். ஆனால் யார் கைக்கு எத்தனை ரூபா போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், முதலாவது கோரிக்கையின் பெரும் பயன் வசதியானவருக்குப் போகிறது. இரண்டாவதன் பயனில் ஒரு பகுதி வழியிலேயே காணாமல் போகிறது. சங்கமோ, ஆலயப் பரிபாலன சபையோ, இளைஞர் மன்றமோ கடிதம் எழுத உட்காரும்போது எதை முதலில் வைக்க வேண்டும் என்பதற்கே இந்த ஒப்பீடு.

இன்றைய நிலை

நாட்டின் வரி வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு மறைமுக வரிகளிலிருந்து வருகிறது. பெறுமதி சேர் வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, சுங்க வரி, எரிபொருள், மதுபானம், சிகரெட் மீதான உற்பத்தி வரி என்று எல்லாமே விலைக்குள் ஒளிந்திருப்பவை. வற் வரி 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. அதே 2024 ஜனவரியில் சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல் போன்றவற்றுக்கு அதுவரை இருந்த விலக்கும் போனது.

18 வீத வரி சேர்ந்த விலையில் வரியின் பங்கைக் காண, கொடுத்த பணத்தை 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்க வேண்டும். ஆயிரம் ரூபா சாமானில் 152 ரூபா 50 சதம் வரி. சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், உடுப்பு, பிள்ளையின் சப்பாத்து, கேஸ், கூரைத் தகடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவில் வீடிழந்தவர் மறுபடி கட்டுவதற்கு வாங்கும் சீமெந்து மூடையிலும் அந்த வரி இருக்கிறது.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. மாதம் 60,000 ரூபா வரும் தோட்டக் குடும்பம் வற் வரியுள்ள பொருட்களுக்கு 24,000 செலவழித்தால், அதில் வரி 3,661 ரூபா. வருமானத்தில் 6.1 வீதம். மாதம் 3 இலட்சம் பெறும் வங்கி அதிகாரி 90,000 செலவழித்தால் வரி 13,729, அது 4.6 வீதம். மாதம் 20 இலட்சம் வரும் ஒருவர் 4 இலட்சம் செலவழித்தால் வரி 61,017. ஆனால் வருமானத்தில் 3.1 வீதந்தான். வருமான வரி போக மிச்சத்தில் பெரும் பகுதி காணியாக, வைப்பாக, பங்காக மாறுகிறது. அங்கே வற் வரி கிடையாது.

"தோட்டத் தொழிலாளி வருமான வரி கட்டுவதில்லையே" என்று சிலர் வாதாடுவார்கள். அவர் சம்பளத்தில் வெட்டப்படுவதில்லை, உண்மைதான். ஆனால் ஓய்வுக்காலத்துக்காக அவர் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியின் முதலீட்டு வருமானத்தில் 14 வீதம் வரியாகப் போகிறது. தனிநபராகப் பார்த்தால் பூச்சிய வீதத்துக்கு உரியவர், நிதிக்குள் இருப்பதால் 14 வீதம் இழக்கிறார். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது, கையிலிருந்த அரச கடன் முறிகளை மாற்றிக்கொள்ளாத ஓய்வுக்கால நிதிகளுக்கு அந்த வரி 30 வீதமாகும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. அதனால் சேமலாப நிதி குறைந்த வட்டியுள்ள நீண்டகால முறிகளை ஏற்க வேண்டியதாயிற்று. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி செலுத்துகின்றன என்ற காரணத்தோடு அந்தச் சுமையிலிருந்து விலக்கப்பட்டன. தொழிலாளியின் பங்களிப்பை யாராவது குறைத்துப் பேசினால் இந்தக் கணக்கை முன்னால் வைக்க வேண்டும்.

விலக்கு எல்லையை உயர்த்துதல்

2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை சம்பளத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஆண்டுக்கு முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மீதிக்கு 36 வீதம். மாதம் 2 இலட்சம் பெறுபவர் 3,000 ரூபாவும், இரண்டரை இலட்சம் பெறுபவர் 8,000 ரூபாவும், 3 இலட்சம் பெறுபவர் 18,500 ரூபாவும் கட்டுகிறார்.

எல்லையை 2 இலட்சத்துக்கு உயர்த்தி, படிகளை அப்படியே மேலே தள்ளினால் என்ன நடக்கும்? 2 இலட்சக்காரருக்கு 3,000 மிச்சம். இரண்டரை இலட்சக்காரருக்கு 5,000. 3 இலட்சக்காரருக்கு 10,500. மாதம் பத்து இலட்சமோ ஐம்பது இலட்சமோ பெறுபவருக்கு, 50,000 ரூபாவின் 36 வீதமான 18,000 மிச்சம். நடுத்தர வர்க்கத்தின் பெயரால் கேட்கும் சலுகையில் மிகப் பெரிய துண்டு உச்சியில் இருப்பவருக்கு விழுகிறது. சாதாரண பட்டதாரி ஆசிரியரின் சம்பளம் இன்னும் 150,000 ஐத் தொடவில்லை. அவருக்கு இதில் ஒரு சதமும் இல்லை. ஆசிரியர் சங்கம் தன் முதல் கோரிக்கையாக இதை வைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இந்த வரிப் படியில் உண்மையான ஒரு குறை இருக்கிறது. 2023 இல் 6 க்கும் 18 க்கும் நடுவே 12 வீதப் படி ஒன்று இருந்தது. 2025 திருத்தத்தில் அது போய்விட்டது. அதனால் மாதச் சம்பளம் சுமார் 233,000 ஐத் தாண்டியதும், மேலதிக நேரக் கொடுப்பனவிலோ பதவி உயர்விலோ வரும் அடுத்த ஆயிரத்துக்கு 60 ரூபா வெட்டிய இடத்தில் 180 ரூபா வெட்டுகிறார்கள். 18 வீதப் படியை 12 ஆக்கினால் இரண்டரை இலட்சக்காரருக்கு மாதம் 1,000 ரூபாவும், 275,000 க்கு மேல் பெறும் எவருக்கும் சரியாக 2,500 ரூபாவும் மிஞ்சும். ஐம்பது இலட்சம் பெறுபவருக்கும் அதே 2,500 தான். அரசுக்கு ஏற்படும் இழப்பும் மிகவும் குறைவு. எல்லையை உயர்த்தக் கேட்பதைவிட இந்தப் படியைத் திருத்தக் கேட்பதுதான் நடுத்தர வருமானக்காரருக்கு உண்மையாக உதவும்.

வற் வரியைக் குறைத்தல், அல்லது சில பொருட்களுக்கு எடுத்துவிடுதல்

கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தெரிவது இதுதான். இங்கே இரண்டு இடத்தில் கணக்கு உடைகிறது.

ஒன்று, வரியிலிருந்து விலக்கப்பட்ட பொருளுக்குள்ளும் வரி இருக்கும். அரிசி, காய்கறி போன்றவை விலக்குப் பட்டியலில் உள்ளவை. ஆனால் கொழும்பிலிருந்து அற்றனுக்கு ஏறி வரும் லொறியின் டீசலில் வரி, டயரில் வரி, பொதியிடும் பையில் வரி. விலக்களிக்கப்பட்ட பொருளை விற்பவர் தான் கட்டிய இந்த உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது, விலையில்தான் ஏற்றுவார். பூச்சிய வீதம் என்றால் திரும்பப் பெறலாம், ஆனால் அது நடைமுறையில் ஏற்றுமதிக்குத்தான். தோட்டத்துச் சின்னக் கடைக்காரர் வற் பதிவுக்குரிய விற்பனை அளவுக்குக் கிட்டவும் வரமாட்டார். அவர் வரி வசூலிப்பதில்லை, ஆனால் வரி கட்டிய விலைக்கு வாங்கி அதன்மேல் இலாபம் வைக்கிறார். இதோடு 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வேறு. அதை எந்தக் கட்டத்திலும் கழிக்க முடியாது. கைமாறக் கைமாறக் கூடுகிறது. பாதை நீளமாக உள்ள ஊருக்குச் சுமை கூடுதல். மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் அப்பால் உள்ள தோட்டத்தில் இது தெளிவாகத் தெரியும்.

இரண்டு, வரி குறைந்தால் விலை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனி 50 ரூபா குறையவில்லை; வித்தியாசம் இறக்குமதியாளர் கையில் நின்றது. 2023 நவம்பரில் அந்த வரி மறுபடி 50 ரூபாவாக்கப்பட்டபோது விலை தாமதமில்லாமல் ஏறியது. தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் குடிக்கும் ஒவ்வொரு லயத்து வீடும் (தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய அறை) அந்த இரண்டு முடிவுகளுக்கும் பணம் கொடுத்தது.

பொதுவாக வீதத்தையே குறைக்கக் கேட்கலாமே என்றால், 2024 இல் வற் வரி ஏறத்தாழ 1,300 பில்லியன் ரூபா கொண்டுவந்தது. ஒரு வீதப் புள்ளி குறைத்தால் ஏறத்தாழ 70 பில்லியன் போகும். அந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது என்று சொல்லாமல் கேட்கும் கோரிக்கை ஆபத்தானது. 2019 டிசம்பரில் வற் வரியை ஏறக்குறையப் பாதியாக்கி, வருமான வரி எல்லையை ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கு ஏற்றியபோது பலரும் மகிழ்ந்தார்கள். 2022 இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.3 வீதத்துக்கு விழுந்தது. அரசு பணம் அச்சிட்டது, டொலர் தீர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அன்று தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. அச்சிட்ட பணத்தின் வரியைத் தோட்டத் தொழிலாளிதான் மாவிலும் பருப்பிலும் கட்டினார்.

காசாகக் கொடுத்தல்

விலையில் குறைப்பதற்குப் பதிலாக, வரியை வாங்கிவிட்டு ஏழைக் குடும்பத்துக்குக் காசாகத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. 2025 தொடக்கத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. மேலே பார்த்த குடும்பம் கட்டும் 3,661 ரூபா வற் வரியோடு ஒப்பிட்டால், பட்டியலில் பெயர் வந்த வீட்டுக்கு இது முழுதாகத் திரும்பி வந்து மேலும் மிஞ்சும். பணம் நேரே கணக்குக்கு வருவதால் இறக்குமதியாளரோ இடைத்தரகரோ கை வைக்க முடியாது.

பட்டியலில் பெயர் வராத வீட்டுக்கு ஒன்றுமில்லை. பிரச்சினை அங்கேதான். 2019 கணக்கெடுப்பின்படி தேசிய வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். தெரிவு ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்து நடக்கிறது. இந்த அளவுகோல் கிராமத்துக்குப் பொருந்தும் அளவுக்கு லயத்துக்குப் பொருந்தாது. ஒரே லய அறையில் அப்பா அம்மாவும், கல்யாணம் முடித்த மகனின் குடும்பமும் இருக்கும். ஒரே முகவரி என்பதால் ஒரே குடும்பமாகப் பதிவானால் இரண்டு அடுப்புக்கு ஒரு கொடுப்பனவு, அல்லது சம்பளங்கள் கூட்டப்பட்டுக் கொடுப்பனவே இல்லை. சுவரும் கூரையும் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த அரச காணியில் நிற்கின்றன. வீட்டின் நிலைமையைக் கேட்கும் கேள்விக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே "அஸ்வெசுமவைக் கூட்டுங்கள்" என்று கேட்பதைவிட, "லயத்தில் அடுப்பை அலகாக வைத்துக் குடும்பத்தை எண்ணுங்கள், மேன்முறையீட்டைத் தோட்டத்துக்கே வந்து தமிழில் கேளுங்கள்" என்று எழுதுவது பலன் தரும்.

காணி, இரண்டாம் வீடு, மரபுரிமை

இதுவரை பார்த்த எல்லாம் அரசிடமிருந்து பணம் கேட்பவை. பணம் கொண்டுவரும் வழி ஒன்று வேண்டும். உழைப்பவரையும் செலவழிப்பவரையும் இவ்வளவு வரிந்து கட்டும் அமைப்பு, சொத்தை ஏறக்குறைய விட்டுவைத்திருக்கிறது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 48 மாத வேலைத்திட்டம் தொடங்கியபோது, நாடளாவிய ஆதன (காணி, வீட்டு) வரியும், அன்பளிப்பு, மரபுரிமை மீதான வரியும் 2025 இல் வரும் என்று அரசு உடன்பட்டது. வற் வரி உயர்வு சொன்னபடி வந்தது. சம்பள வரி சொன்னபடி வந்தது. சொத்து வரி மட்டும் சொன்ன ஆண்டில் வரவில்லை. இந்த வரிசையில்தான் அநீதி இருக்கிறது. கோரிக்கையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது இருப்பதைப் பாருங்கள். 3 இலட்சம் சம்பளக்காரர் தன் கடைசி ரூபாக்களுக்கு 24 வீதம் கட்டுகிறார். அது சம்பளம் கைக்கு வரும் முன்பே வெட்டப்படுகிறது. காணி விற்று ஒரு கோடி இலாபம் பார்ப்பவருக்கு 2025 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி 15 வீதம். அதற்கு முன் 10. இலாபத்தைக் கணக்கிடும்போது 2017 செப்டம்பர் 30 க்கு முன் வாங்கிய காணிக்கு அன்றைய சந்தை விலையே கொள்விலையாக எடுக்கப்படும். அதற்கு முந்தைய பத்திருபது ஆண்டு ஏற்றம் முழுவதும் வரிக்கு வெளியே. காணி உறுதிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் முத்திரை வரியும் குறையும், ஆதாய வரியும் குறையும். மாதச் சம்பளக்காரருக்குத் தன் சம்பளத்தைக் குறைத்து எழுத வழியில்லை.

உள்ளூராட்சிக்குக் கட்டும் சோலைவரி இருக்கிறதே என்று கேட்கலாம். அது வீட்டின் வருடாந்தப் பெறுமதியில் குறிப்பிட்ட ஒரு பங்கு. மதிப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஆண்டுகள் ஓடும் இடத்தில், புதிதாக மாடி கட்டிய விடுதிக்காரரும் பழைய பெறுமதிக்கே கட்டிக்கொண்டிருப்பார். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் திறந்து மற்ற மாதங்களில் பூட்டிக்கிடக்கும் விடுமுறை பங்களாவுக்கு வருமானம் இல்லை என்பதால் வருமான வரியும் இல்லை. அதே மலையில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக உறுதியில்லாத பத்தடி அறையில் இருக்கிறது.

இந்த வரிக்கு எதிரான வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, ஆதன வரி அதிகாரம் அரசியலமைப்பின்படி மாகாண, உள்ளூராட்சி மட்டத்துக்குரியது. மத்திய அரசு நேரடியாக விதிப்பது சிக்கல். இதனால்தான் "கருதப்பட்ட வாடகை வருமானம்" என்ற வழி யோசிக்கப்பட்டது: வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை வருமானமாகக் கருதி வருமான வரிச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. இரண்டாவது, சொத்து உண்டு, கையில் காசு இல்லை என்ற நிலை. கண்டியிலோ பண்டாரவளையிலோ ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியைக்கு நகரத்து வீடு ஒன்று இருக்கலாம். காணி விலை ஏறியது அவர் குற்றமல்ல. இலங்கையில் 1959 இல் வந்த செல்வ வரி 1990 களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. மதிப்பீட்டில் தகராறு, சிறு வசூல், பெயர் மாற்றி மறைத்தல் எல்லாம் அப்படிப்பட்ட வரியோடு கூடவே வருபவை. அதனால் மொத்தச் செல்வத்துக்கும் வரி என்று கேட்கக் கூடாது. மறைக்க முடியாத பொருளைப் பிடிக்க வேண்டும். நகையை ஒளிக்கலாம், பணத்தை வெளிநாட்டில் வைக்கலாம். பங்களாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கடிதத்தில் எழுத வேண்டிய வடிவம் இப்படி இருக்கலாம். குடியிருக்கும் முதல் வீட்டுக்கு முழு விலக்கு. இரண்டாம் வீட்டிலிருந்து, குறிப்பிட்ட பெறுமதிக்கு மேல் கருதப்பட்ட வாடகை. காணி ஆதாயத்துக்கு ஒரே 15 வீதம் என்பதற்குப் பதிலாக, பெரிய ஆதாயத்துக்குச் சம்பளத்தைப் போலவே படி வீதம். மரபுரிமை வரிக்கு உயர்ந்த விலக்குத் தொகை. கட்டக் காசில்லாதவர் விற்கும் நாளில் கட்டலாம் என்ற தவணை. உறுதி எழுதும்போது விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் பெறுமதியோடு ஒப்பிடப்பட வேண்டும். ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்த தோட்டக் குடும்பம் எதுவும் இந்த எல்லைக்குள் வராது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "உங்கள் வீட்டுக்கும் வரி வரப்போகிறது" என்று பயம் காட்டியே கோரிக்கையைத் தோற்கடித்துவிடுவார்கள்.

பெரிய முதலீடுகளுக்கான வரி விடுமுறைகளும் இதே பட்டியலில் சேர வேண்டியவைதான். 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மூலோபாய அபிவிருத்தித் திட்டங்களுக்கு 25 ஆண்டு வரையும், கொழும்புத் துறைமுக நகரத்தில் 40 ஆண்டு வரையும் சலுகை கொடுக்க வழி வைக்கப்பட்டது. கொடுத்ததைத் திருப்பிப் பெறுவது கடினம். ஒவ்வொரு சலுகைக்கும் போன வரித்தொகையைப் பெயரோடு வெளியிடக் கேட்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வரிசையில்

இரண்டாம் வீடு, காணி ஆதாயம், மரபுரிமை ஆகியவற்றின் மீதான வரி முதலில். அதில் வரும் பணத்தில் லயத்துக்குப் பொருந்தும்படி திருத்திய அஸ்வெசும இரண்டாவது. 12 வீதப் படி மூன்றாவது. விலக்கு எல்லையை மறுபடி உயர்த்தும் கோரிக்கையை விட்டுவிடலாம். வற் வரியில் புதிய விலக்குக் கேட்பதானால் கடை விலையைக் கண்காணிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்தே கேட்க வேண்டும். சம்பளக்காரரும் தொழிலாளியும் தனித்தனிக் கடிதம் எழுதினால் ஒருவர் கோரிக்கை மற்றவர் கோரிக்கையை வெட்டும். இந்த வரிசையில் இருவரும் ஒரே தாளில் கையெழுத்து வைக்கலாம்.

வரவு செலவுத் திட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வங்கியிலேயே பிடிக்கப்படுகிறது. ஓய்வு பெற்ற தொழிலாளி தன் சேமலாபப் பணத்தையும் பணிக்கொடையையும் சேர்த்து 15 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டால், ஆண்டு வட்டி 120,000; அதில் 12,000 ரூபா வெட்டப்படும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பதால் அவர் அந்த வரியைக் கட்ட வேண்டியவரே அல்ல. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையைக் கொண்டு வரி செலுத்துநர் இலக்கம் எடுத்து, வங்கியில் சுயபிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் வெட்டு நிற்கும். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் அதற்கு முன்பே ஆயத்தமாக இருப்பது நல்லது. ஏற்கெனவே வெட்டிய பணத்தைப் பெற, நவம்பர் 30 க்குள் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பித்து மீளளிப்புக் கேட்க வேண்டும். வங்கியின் பிடித்தச் சான்றிதழ் இல்லாமல் அது நகராது. தோட்டத்தில் கணினி தெரிந்த இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு டிவிசன் (தோட்டப் பிரிவு) முழுவதற்கும் இதைச் செய்து முடிக்கலாம்.